டீ வடிகட்டியில் மாமனார்

பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு புருஷனையும் பொண்டாட்டியையும் இரண்டு தனித்தனி இனம் என்று எழுதி, ஒரே இதழில் அச்சேற்றியும் விட்ட மகராசிகள் நாங்கள். நானும் அக்காவும். வேறு வேலையில் இந்தத் தப்பைச் செய்திருந்தால் எங்களைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருப்பார்கள். பூச்சிக்கு வாய் இல்லை, அதனால் தப்பித்தோம்.

எங்கள் வேலை மியூசியத்தின் மாடியில், பூச்சிப் பிரிவில். பிடித்து வரும் பூச்சிகளை ஊசியில் குத்தி, லென்ஸுக்குக் கீழே வைத்து, இது ஏற்கெனவே பெயர் உள்ளதா, புதுசா என்று பார்ப்போம். புதுசு என்றால் தலைமுதல் கால்வரை வர்ணித்து எழுதி, படம் வரைந்து, ஒரு பெயரும் வைத்து வெளியிடுவோம். எந்த ஒற்றைப் பூச்சியைப் பார்த்து எழுதினோமோ அதற்கு மூலப் பூச்சி என்று பேர். சிவப்புச் சீட்டோடு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அப்புறம் யாரும் அனாவசியமாகக் கை வைக்க முடியாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, அடுத்த மேசைக்காரி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படிக் கூப்பிட்டு அப்படியே ஆகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்குக் கோபமே வராது. அதனாலேயே பாதி நாள் எனக்கு அவள்மேல் கோபம் வரும்.

இந்தக் கதையில் வருவது ஒரு குளவி. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. உடம்பெல்லாம் செம்பட்டை ரோமம், எறும்பு மாதிரி மணலில் விறுவிறுவென்று ஓடும், தொட்டால் கொட்டும். ஆணுக்கு இறக்கை உண்டு. கருப்பு, உடம்பும் பெரிசு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று எந்த உறவும் சொல்ல முடியாது. சேர்ந்திருக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தால் ஒழிய, எவளுக்கு எவன் என்று சத்தியம் பண்ண எங்களாலும் முடியாது. நான் பெண்ணை மட்டும் பார்த்து எழுதினேன். அக்கா ஆணை மட்டும் பார்த்து எழுதினாள். அன்றைக்கு இருவருக்கும் சந்தேகம்கூட வரவில்லை.

என் பூச்சிக்கு மாமனார் பெயரை வைத்தேன். பாசத்தில் என்று சொன்னால் பொய். நான் வரைந்து காயவைத்திருந்த படத்தின்மேல் அவர் சுடச்சுட டம்ளரை வைத்துவிட்டார். வட்டமாகக் கறை. நான் வீடு அதிரக் கத்திவிட்டேன். அப்புறம் அவர் நாலு நாள் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. சமாதானத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இந்தப் பெயரை வைத்தேன். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாள் அதே நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தார், வரிசையில் நின்ற ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று அடிக்கடி சொல்வார். பூச்சியின் படத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூட அதைப் பார்க்காமல் வெளியே போக முடியாது.

"இது என் பூச்சி. உலகம் இருக்கிற வரைக்கும் இதுக்கு என் பேருதான்," என்பார்.

அத்தை உள்ளே இருந்தபடியே, "பொம்பளப் பூச்சிக்கு இவர் பேரு. இறக்கையும் இல்ல, தரையிலயே ஓடும், கிட்டப் போனா கொட்டும். பொருத்தம் பாத்துத்தான் வச்சிருக்கா மருமக," என்பாள்.

அக்காவின் பூச்சிக்கு அவள் மகன் பெயர். அந்த ஆண் குளவியைப் பிடித்ததே அவன்தான். ஆஸ்பத்திரித் தோட்டத்தில், பென்சில் டப்பாவால் அமுக்கிப் பிடித்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது, ரத்தத்தில் வியாதி. அம்மா வேலையில் இதெல்லாம் புதுசாக இருக்கும் என்று அவனாகவே ஒரு காகிதத்தில் "நான் பிடித்தது, உயிரோடுதான் இருந்தது" என்று கோணல்மாணலாக எழுதி டப்பாவுக்குள் வைத்திருந்தான். அடுத்த மழைக்காலம் வருமுன் அவன் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அக்கா முதலில் எழுதியது அந்தப் பூச்சியைத்தான். அந்தக் காகிதம் இன்றைக்கும் அதே ஊசியில், சிவப்புச் சீட்டுக்குக் கீழே குத்தியிருக்கிறது. காலையில் வந்ததும் கைப்பையை வைப்பாள், அந்தப் பெட்டியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள், மூடிவிட்டு வேலையை ஆரம்பிப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. கத்தரி வந்து கெடுத்தான்.

கத்தரி என்று பெயர் வைத்தது நான்தான். எங்கள் துறையில் பெரிய ஆள், வேறு தேசத்துக்காரன். மற்றவர்கள் வைத்த பெயர்களை வெட்டித் தள்ளுவதே அவனுக்குப் பிழைப்பு. இதுவும் அதுவும் ஒன்று, அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவன். ஒரு கூட்டத்தில் அவன் பேசியதைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கள் இரண்டு பூச்சிகளின் படத்தையும் போட்டு, இவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாகத்தான் இருக்க வேண்டும், சீக்கிரமே எழுதப்போகிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். பார்த்த உடனே எனக்கும் தெரிந்துவிட்டது, அவன் சொல்வது சரி. இரண்டுக்கும் வயிற்றில் ஒரே இடத்தில் ஒரே ஜோடி வெள்ளைப் புள்ளி. இத்தனை வருஷம் என் கண் எங்கே போயிருந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு இனத்துக்கு ஒரு பெயர்தான் நிற்கும். மற்றது செத்த பெயர். நிற்கும் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், இப்படியும் ஒரு காலத்தில் சொன்னார்கள் என்று கிடக்கும். வழக்கமாக எது மூத்த பெயரோ அது நிற்கும். ஆனால் எங்களுடையது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒரே இதழ், ஒரே நாள். மூத்தது இளையது கிடையாது. இதற்கென்று ஒரு விதி இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று இரண்டு பெயரையும் சேர்த்து வைத்து யார் முதலில் எழுதி வெளியிடுகிறாரோ, அவர் கை காட்டுகிற பெயர் நிற்கும். அதோடு முடிந்தது, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

கத்தரிக்கு மரியாதையாகத்தான் எழுதினேன். பையன் கதையைச் சொன்னேன், அவன் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒருத்தரிடம் கெஞ்சியது அபூர்வம். இரண்டு வரியில் பதில் வந்தது. இதழில் முந்திய பக்கத்தில் இருக்கும் பெயரை எடுப்பது என் பழக்கம், இதில் உணர்ச்சிக்கு இடமில்லை என்றான். அந்த இதழில் முன்பக்கத்தில் இருந்தது என் கட்டுரை, மாமனார் பெயர். அக்காவுடையது பின்னால்.

உணர்ச்சிக்கு இடமில்லையாம். அப்படியென்றால் ஓட்டப்பந்தயம்தான் என்று முடிவு பண்ணினேன்.

அன்றையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. கத்தரிக்கு ஆதாரம் தேவையில்லை, அவன் எதை எழுதினாலும் போடுவதற்கு ஆள் இருக்கிறது. எங்கள் இதழாசிரியர் அப்படி இல்லை. குத்துமதிப்பாக எழுதினால் முகத்தில் எறிவார். எனக்கும் அப்படி எழுதப் பிடிக்காது. நாளைக்கு எவனாவது வந்து, இல்லை இரண்டும் வேறு என்று பிரித்துவைப்பான். எனக்கு ஜோடி வேண்டும். கையும் களவுமாக.

அக்காவிடம் மூச்சுவிடவில்லை. தோற்றுவிட்டால் அவள் அந்தப் பெட்டியை எப்படித் திறப்பாள்?

"என்னடி, நிலையில்லாம அலையுற?" என்று கேட்டாள்.

"அல்சர்," என்றேன்.

"அல்சருக்கு நடக்கச் சொல்லமாட்டாங்களே."

"எனக்குச் சொல்லியிருக்காங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க."

பெண் குளவி ஒன்று எனக்குத் தயாராக இருந்தது. விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் சிமென்ட் கிடங்குச் சுவரோரம் மணல் திட்டு இருக்கிறது. அங்கே மண்ணில் வளை தோண்டும் தேனீக்களின் கூட்டுக்குள்தான் இந்தக் குளவி முட்டையிடும். அங்கிருந்து தோண்டி எடுத்து வந்த கூடு ஒன்றிலிருந்து அவள் என் மேசை ஜாடியிலேயே வெளியே வந்தாள். ஆண் வாடையே படாதவள். இப்படிப்பட்டவளைக் கூண்டில் வைத்து வெயிலில் தொங்கவிட்டால், அவள் உடம்பு வாசத்துக்கு எங்கிருந்தாவது ஆண் தேடி வரும். இருந்தது அவள் ஒருத்திதான். அவள் செத்தால் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும். கத்தரி அதுவரை காத்திருப்பானா?

கூண்டுக்கு எதையெதையோ பார்த்துக் கடைசியில் வீட்டிலிருந்த டீ வடிகட்டிதான் சரியாக வந்தது. இரண்டு பாதியாகத் திறந்து மூடும் உருண்டை வடிகட்டி. காற்று போகும், வாசம் போகும், அவள் போகமாட்டாள்.

"என் வடிகட்டி எங்க?" என்று அத்தை காலையிலேயே ஆரம்பித்தாள்.

"வேலைக்கு வேணும், அத்தை."

"உன் புருஷனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிட்ட, என் வடிகட்டியக் குளவிக்குக் குடுத்துட்ட. இனி டீயத் துணியிலதான் வடிகட்டணும்."

மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், தலையில் துண்டு.

"நீங்க எங்க மாமா?"

"என் பூச்சிக்கு மாப்பிள்ளை பாக்கப் போற. நான் வராம எப்படிம்மா?"

என்ன சொல்வது? மாமா, இன்றைக்கு ஒரு மாப்பிள்ளை வந்தால் உங்கள் பெயர் செத்துவிடும் என்றா? சாக்குச் சொல்லிப் பார்த்தேன். வெயில் என்றேன், மணல் என்றேன். தபால் ஆபீஸில் மின்விசிறி இல்லாமல் இருந்தவன் நான் என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் ஒரு ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. வேலிக் கம்பியில் வடிகட்டி தொங்கிக்கொண்டிருந்தது, அவள் உள்ளே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். நானும் வெளியே அதையேதான் செய்துகொண்டிருந்தேன். கிடங்குக் காவலாளி வந்து, என்ன பரிகாரமா என்று கேட்டார். மாமனார் அவருக்குத் தன் பூச்சியின் வரலாறு முழுவதையும் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

மூன்று நாளும் அதே கதை. நடுவில் ஒரு நாள் கத்தரியின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். கட்டுரை அனுப்பியாகிவிட்டது, விரைவில் வரும் என்று போட்டிருந்தான். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மைதானத்தில் மாமனார்மேல் எரிந்து விழுந்தேன். வடிகட்டிக்கு நிழல் விழுகிறது, நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள் என்று கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போனது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தார். இந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார், தன் பெயரைக் கொல்லும் இடத்துக்குத் தானே வந்து காவல் இருக்கிறார், அதற்கு நான் வசவு வேறு கொடுக்கிறேன்.

நாலாவது நாள் அவள் சோர்ந்துவிட்டாள். வலையின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். தேன் தொட்ட பஞ்சை உள்ளே வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்க்காற்று வேறு, மணலை வாரி அடித்தது. போதும், மூட்டை கட்டலாம் என்று நான் கைப்பையை எடுத்தபோது, மாமனார் நாற்காலியிலிருந்து அரைவாசி எழுந்து நின்றார்.

"இரும்மா. அசையாத."

நான் முதலில் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார். சுவரோரம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கருப்பாக ஒன்று காற்றை எதிர்த்து அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டே வந்தது. காற்று தள்ளியது, பின்னுக்குப் போயிற்று, திரும்ப வந்தது. வடிகட்டியை இரண்டு சுற்று சுற்றி அதன்மேல் உட்கார்ந்தது. உள்ளே செத்தவள் மாதிரி கிடந்தவள் துள்ளி எழுந்தாள்.

"மாமா, தொடாதீங்க, நான் வலைய..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆர்வத்தில் வடிகட்டியைத் திறந்துவிட்டார். அவள் வெளியே ஓடி வந்து அவர் ஆள்காட்டி விரலில் ஒரு கொட்டுக் கொட்டினாள். கையை உதறினாலும் வடிகட்டியை மட்டும் கீழே போடவில்லை அவர். ஆண் வந்து அவளை அப்படியே கவ்வித் தூக்கிக்கொண்டு கிளம்பியது. இறக்கை இல்லாதவள் காற்றில் போகிறாள். நான் வலையை வீசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் எதையும் வீசியதில்லை.

இரண்டும் வலைக்குள். ஆணின் வயிற்றில் ஜோடி வெள்ளைப் புள்ளி.

மாமனாருக்கு விரல் வீங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "என் பேரு உள்ளவ என்னையே கொட்டிட்டா பாரு," என்றார். அப்புறம் வலைக்குள் குனிந்து பார்த்து, "இனி இது ரெண்டையும் என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"ஊசியில குத்தணும் மாமா. சாட்சி வேணும்ல."

"குத்துறதுன்னா ஒரே ஊசியில குத்து. பிரிச்சு வைக்காத," என்றார். நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்று சொன்னேன்.

மறுநாள் காலை வேறு வழியில்லை. பிடித்த ஆணைப் பையனின் மூலப் பூச்சியோடு ஒப்பிட்டால்தான் எழுத முடியும். அந்தப் பெட்டிச் சாவி அக்காவிடம். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரி, விதி, வடிகட்டி, எல்லாம். நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்போ என் பிள்ளை பேரு?"

"நிக்கும். நான் சொல்றதுதான் நிக்கும், முந்திக்கிட்டா."

"உங்க மாமா?"

அவள் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அவர் உயிரோட இருக்கிற மனுஷன். தினம் அந்தப் படத்தப் பாக்குறவர். என் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"உங்களுக்குத் தெரியும்ல," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "தினம் காலையில அந்தப் பெட்டிய இழுக்குறது யாரு? நானா? பெட்டியில சீட்டு மாத்தி, அவன் பேரக் கீழ போட்டுட்டா, நீங்க இழுத்துப் பாப்பீங்களா? சொல்லுங்க பாக்கலாம்."

"கத்தாத."

"கத்துவேன். சாவியக் குடுங்க."

அவள் பெட்டியைத் தானே திறந்தாள். பூச்சியைத் தானே எடுத்து என் லென்ஸுக்குக் கீழே வைத்தாள். அதன் கீழே அந்தக் காகிதம். நான் இறக்கை நரம்பு ஒவ்வொன்றாக, முதுகுக் குழி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மயிரளவு வித்தியாசம் இல்லை. நான் பார்த்து முடிக்கும்வரை அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பையன் பெயரே நிற்கும் என்று எழுதி முடித்து, இதழாசிரியரின் உயிரை வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன், அவர் வண்டி எடுக்குமிடத்தில் போய் நின்றேன். நீ போடச் சொல்லிக் கேட்கிறாயா, மிரட்டுகிறாயா என்றார். இரண்டும்தான் என்றேன். வெளியானது. அடுத்த வாரமே கத்தரியின் கட்டுரையும் வந்தது, முன்பக்கத்துப் பெயரோடு. தேதி பிந்திவிட்டது, செல்லாது. அவனுக்கு ஒரு வரி எழுதலாமென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மட்டும் எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து போனில் பேசிய என் வீட்டுக்காரர், "அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ, என்னை இழுக்காத," என்று கழன்றுகொண்டார். சொன்னேன். சாப்பிட்டு எழுந்தபின், ஹாலில், படத்துக்கு நேர் எதிரே. மாமனார் இரண்டு தடவை கேட்டார், புரிந்துகொள்ள.

"அப்போ நான் எங்க?"

"கீழ, மாமா. அடுத்த வரியில. இந்தப் பூச்சியப் பத்தி முழுசா எழுதுறவங்க யாரா இருந்தாலும் உங்க பேரையும் கீழ எழுதுவாங்க."

"செத்த பேருன்னு."

அவர் படத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"அத்தனை நாளும் உனக்குத் தெரியும். நான் வெயில்ல உக்காந்து அவன் வர்றானா அவன் வர்றானான்னு பாத்துக்கிட்டிருந்தேன். உனக்குத் தெரியும்."

"தெரியும், மாமா."

அவர் நாற்காலியைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். சுவரில் ஆணியும், வெளுக்காத ஒரு சதுரமும் மிச்சம். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நான் வைத்தால் சாப்பிடமாட்டார், அத்தை வைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர்காரர் வந்து, என்ன ஐயா, படத்தைக் காணோம் என்று கேட்டதற்கு அவர் வெறுமனே தலையை ஆட்டியதைப் பார்த்தேன். அடுப்படியில் போய் நின்று அழுதேன். அத்தை கிண்டல் எதுவும் பண்ணவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. அக்கா. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கையில் பெரிய பையோடு, உட்காராமல், காலி ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கூப்பிடு," என்றாள்.

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? செஞ்சது நான்."

"பேரு என் பிள்ளையோடது. கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மாமனார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் மூன்று நாள் தாடி. அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்தப் பையனோட அம்மாவா?"

அக்கா தலையசைத்தாள். தயார் பண்ணி வந்த மன்னிப்பை விட்டுவிட்டாள். பையைத் திறந்து, பழைய பென்சில் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடி நசுங்கியிருந்தது.

"இதுலதான் புடிச்சான்," என்றாள்.

மாமனார் டப்பாவைக் கையில் எடுத்துத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். கொட்டு வாங்கிய விரல் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. அறைக்குள் போனார். படத்தோடு திரும்பி வந்து அதை அக்காவின் மடியில் வைத்தார்.

"இது பொண்ணு. உங்க பையன் வந்தது இவளத் தேடித்தான்." நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "எழுத்துல என்ன இருக்கோ எனக்குத் தெரியாதும்மா. உங்க ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும். அவன் வந்தத முதல்ல பாத்தது நான்தான். உங்க சிநேகிதி பாக்கல, அவ மூட்டை கட்டிட்டா."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி வந்தான்?" என்று கேட்டாள்.

"எதிர்க்காத்தும்மா அன்னைக்கு. மணல வாரி அடிக்குது. பெரிய பெரிய பூச்சியெல்லாம் அடங்கிப்போச்சு. இவன் மட்டும் வர்றான். தள்ளிவிடுது, திரும்ப வர்றான். தள்ளிவிடுது, திரும்ப வர்றான். என் கை இவ்வளவு கிட்ட இருக்கு, பயமே இல்ல அவனுக்கு. ரெண்டு சுத்துச் சுத்தினான், அவளத் தூக்கினான், வெயில்ல இறக்கை ரெண்டும் நீலமா மின்னுச்சு. அவ பாரத்தையும் சேத்துச் சுமந்துக்கிட்டுக் காத்துல நேராப் போனான்மா. அப்படி ஒரு தெம்பு."

அக்காவின் கை படத்தின் கண்ணாடிமேல் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி மாதங்களில் அவன் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடக்க முடியாமல் இருந்தது எனக்குத் தெரியும். அவள் சொல்லியிருக்கிறாள், ஒரே ஒரு தடவை.

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா," என்றாள் அக்கா.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "டீ போடும்மா," என்றார். அத்தனை நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, அன்று காலை செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஆரம்பித்தார்.